வயலோரத் தும்பை ஊருக்கு உறவே

நடுவர் அவர்களே, இரு அணி நண்பர்களே, பாய் விரித்து முன்வரிசையைப் பிடித்திருக்கும் தாய்மார்களே, வணக்கம். ஏழு நிமிடம்தான் தந்திருக்கிறார்கள்; வணக்கத்துக்கு இது போதும்.

"வயலோரத் தும்பை பயிருக்குப் பகையா, ஊருக்கு உறவா?" உறவு என்று பேசத்தான் வந்தேன். ஆனால் எதிரணித் தலைவர் என் வேட்டியைப் பார்த்துக்கொண்டே ஒன்று சொன்னார்: "தும்பையைப் பிடுங்காதவன் வேட்டி மட்டும்தான் தும்பைப்பூவாக வெளுத்திருக்கும், வீட்டில் அடுப்பு எரியாது." நீங்களும் கைதட்டினீர்கள். யார் யார் தட்டினீர்கள் என்று பார்த்து வைத்திருக்கிறேன்.

ஐயா, வெளுப்புக்கு உங்களுக்கு வேறு பூவே கிடைக்கவில்லையா? மல்லிகை இருக்கிறது, நந்தியாவட்டை இருக்கிறது. தும்பையைத் திட்ட வந்த இடத்திலும் தும்பையைத்தானே துணைக்கு அழைத்தீர்கள்? கோரையைச் சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். மேலே பிடுங்கினால் கீழே கிழங்கு உட்கார்ந்து சிரிக்கும்; அடுத்த வாரம் மறுபடி தலைகாட்டும். தும்பை அப்படியா? முழங்கால் உயரச் செடி. முள் கிடையாது, கிழங்கு கிடையாது. ஈர மண்ணில் இழுத்தால் மரியாதையாக வேரோடு கையில் வந்துவிடும்.

"களை எது, பயிர் எது என்று குழந்தைக்கும் தெரியும்" என்றும் சொன்னார். எங்கள் சித்தப்பாவுக்குத் தெரியாது! சென்னையில் வங்கி வேலை. திண்டிவனம் பக்கம் பெண் பார்க்கப் போனார். பஜ்ஜி, சொஜ்ஜி எல்லாம் முடிந்தது. பெண்ணின் பாட்டி மெதுவாகச் சொன்னார்: "தம்பி, காபி ஆறட்டும். அதற்குள் கடலைக் கொல்லையில் ஒரு வரிசை களை எடுத்துவிட்டு வாருங்கள்."

சித்தப்பா கால்சட்டையை மடித்துக்கொண்டு இறங்கினார். அரை மணி நேரம்! வியர்வை சொட்டச் சொட்டத் திரும்பிப் பார்க்கிறார். வரிசை முழுவதும் தும்பை வெள்ளை வெளேரென்று நிற்கிறது. கடலைச் செடி ஒன்றுகூட இல்லை. நடுவர் சிரிக்கவில்லை, அதனால் மறுபடி சொல்கிறேன்: கடலையைப் பிடுங்கிவிட்டார், தும்பையை விட்டுவிட்டார்! ஏன் என்று கேட்டதற்கு என்ன சொன்னார் தெரியுமா? "வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக இருந்தது, நோய் என்று நினைத்தேன்." அம்மா, அது காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும் வேர் முடிச்சு! "சரி, தும்பையை ஏன் விட்டீர்கள்?" என்றால், "பூத்திருந்தது, பாவம்" என்கிறார்.

பெண்ணின் அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். பாட்டி தீர்ப்புச் சொன்னார்: "இவனுக்கு விவசாயம் வராது. ஆனால் பூத்து நிற்பதைப் பிடுங்க மனம் வரவில்லை பார். என் பேத்தி மேல் கை ஓங்க மாட்டான். தட்டை மாற்றுங்கள்!" தும்பை முடித்து வைத்த கல்யாணம் அது. அந்த ஒரு வரிசைக் கடலையை மட்டும் மாமனார் இன்னும் தீபாவளிச் சீரில் கழித்துக்கொண்டிருக்கிறார்.

தலைப்புக்கு வருகிறேன், நடுவர் மணியைத் தேடுகிறார். இரு வேந்தர்கள் வலிமையே பொருளாக எதிரெதிர் நின்று மோதும் போருக்குத் தொல்காப்பியம் வைத்த பெயர் தும்பைத் திணை. வீரன் சூடிப் போனது இந்தப் பூவை. தரிசில் நிஜமான பகையைக் காட்டட்டுமா? பார்த்தீனியம். 1950களின் நடுவில் புனேயில் கண்ணில் பட்டது, இன்று நாடெங்கும் நிற்கிறது. தொட்டால் அரிப்பு, மூச்சிழுப்பு. அதற்கு ஒரு கூட்டம் போட மாட்டீர்கள்; தேனீக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் சோறு போடும் சொந்த மண்ணின் செடிக்குப் பட்டிமன்றமா? கடலைக்குள் முளைத்தால் நானும் பிடுங்குவேன். வரப்பிலும் மேய்ச்சல் நிலத்திலும் அது யார் சோற்றைப் பிடுங்கியது?

அடுப்பு எரியாது என்றீர்கள் அல்லவா? எரியாத அடுப்பு எனக்குத் தெரியும் ஐயா. என் அம்மா ஊரார் கொல்லையில் களை எடுத்துக் கூலி வாங்கியவர். வேலை முடிந்ததும் களைக்கொத்தை வைத்துவிட்டு, தாம் பிடுங்கிப் போட்ட குவியல் பக்கத்திலேயே உட்காருவார். பச்சைக் கிண்ணம் போன்ற புல்லியிலிருந்து பூவை ஒவ்வொன்றாக உருவி முந்தானையில் சேர்ப்பார். முதல் பூவின் அடியை என் வாயில் வைப்பார். ஒரு துளி தேன் இருக்கும். அன்று எனக்கு அவரால் வாங்கித் தர முடிந்த இனிப்பு அதுதான். தும்பைக்குக் காம்பு இல்லை, நாரில் நிற்காது. உதிரியாகவே சிவன் கோயில் தட்டில் கொட்டுவார். முழம் பூ வாங்கக் காசில்லாத வீட்டின் காணிக்கையைக் குருக்கள் ஒரு நாளும் களை என்று தள்ளியதில்லை.

மணி அடித்துவிட்டார்கள். எதிரணித் தலைவரே, அடுத்து உங்கள் முறை வருகிறது. என் அம்மாவின் முந்தானையில் இருந்தது குப்பை என்று இந்தத் தாய்மார்களின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். சொல்லிவிட்டால் தோல்வியை ஒப்புக்கொண்டு, இந்த வேட்டியையும் உங்களுக்கே தந்துவிடுகிறேன். நன்றி, வணக்கம்.