கைமடி அக்காக்களுக்கு மட்டும் ஏன் டிபன் கேரியர் இல்லை?

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆராதனை முடிந்து வந்து, மொட்டை மாடியில் வரக்காப்பியோடுதான் பேச உட்காருவேன் என்று உங்களுக்குத் தெரியும். இன்றைக்குக் காப்பி போடக்கூடப் பொறுமை இல்லை. மனதில் இருப்பதைக் கொட்டிவிடுகிறேன்.

எங்கள் பனியன் கம்பெனியில் ஒரு பெரிய ஆர்டர் நாள் தவறாமல் ஷிப்மெண்ட் போனது. சனிக்கிழமை சம்பளம் போடும்போது எல்லாரையும் கூப்பிட்டு, நாமெல்லாம் ஒரே குடும்பம், ஒரே டீம் என்று பேசினார்கள். அப்புறம் பரிசு கொடுத்தார்கள். ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் என்று தையல் மெஷின் ஓட்டுகிற டைலர்கள் எல்லாருக்கும் மூன்றடுக்கு எவர்சில்வர் டிபன் கேரியர். தைத்து வந்ததில் குறை பார்க்கிற செக்கிங்கில் இருக்கிற எங்களுக்கும் அதேதான். எங்கள் லைனில் இருக்கிற இரண்டு கைமடி அக்காக்களுக்கு மட்டும் ஒரு ஸ்வீட் பாக்கெட்.

எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூரில் இருந்து பார்க்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். ஓவர்லாக் மெஷினில் இருந்து பீஸ்கள் ஒன்றோடொன்று நூலில் கோத்துக்கொண்டு வந்து விழும். அதை வெட்டிப் பிரித்து, அடுக்கி, அடுத்த டைலர் கைக்கு எடுத்துக் கொடுப்பவர்தான் கைமடி. காலையில் இருந்து நின்றுகொண்டே செய்கிற வேலை. அவர் பத்து நிமிடம் நகர்ந்தால் பீஸ் குவிந்து, பவர் டேபிளே, அதாவது தையல் மெஷின் வரிசையே நின்றுவிடும். சைஸ் மாற்றி அடுக்கிவிட்டால் செக்கிங்கில் நாங்கள் மாட்டுவோம். இந்த ஆர்டரில் ஒரு சைஸ்கூட மாறி வரவில்லை.

அதனால் லைனில் ஒருவரைத் தவிர எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு நாங்களே இரண்டு கேரியர் வாங்கினோம். இந்தக் கதையை முழுதாகச் சொல்லியே ஆக வேண்டும். கடைக்காரர் ஒன்று 950 ரூபாய் என்றார். மூடியில் கிளிப் லூசாக இருந்தது. வேறு எடுத்துக் காட்டச் சொன்னேன், அதில் கைப்பிடி ஆடியது. மூன்றாவதுதான் சரியாக இருந்தது. இரண்டு எடுக்கிறோம், விலையைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றதற்கு 930க்கு மேல் இறங்க மாட்டேன் என்றார். கடைவாசல் வரை வந்துவிட்டோம், திரும்பக் கூப்பிட்டார். கடைசியில் ஒன்று 880 ரூபாய், மேலே ஆளுக்கொரு சின்ன ஊறுகாய் டப்பா. அந்த டப்பாவைக் கேட்டு வாங்கியதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! ஒரு அக்கா கேரியரைக் கையில் வாங்கிக்கொண்டு, "எதுக்கு கண்ணு இதெல்லாம்" என்றார். ஆனால் மூடியைத் திறந்து திறந்து பார்த்தார்.

சரி, இதற்கும் வேதத்துக்கும் என்ன சம்பந்தம்? எங்கள் சபையில் பெண்கள் ஐக்கியத்தில் இப்போது நெகேமியா படிக்கிறோம். இடிந்து கிடந்த எருசலேமின் அலங்கத்தை, அதாவது நகர மதிலை, நெகேமியா ஜனங்களைக் கூட்டி 52 நாளில் கட்டி முடித்த கதை. மூன்றாம் அதிகாரம் பெயர்ப் பட்டியல்தானே என்று பலர் தாண்டிப் போவார்கள். எனக்கு அந்த அதிகாரம்தான் மிகவும் பிடிக்கும். பிரதான ஆசாரியன் எலியாசிப் ஆட்டுவாசலைக் கட்டுகிறார். தட்டார்கள் வருகிறார்கள், தைலம் செய்கிறவர் வருகிறார், சல்லூம் என்பவர் தன் மகள்களோடு வந்து கட்டுகிறார். ஒரு மாகாணத்துப் பிரபு போய்க் குப்பைமேட்டு வாசலைப் பழுதுபார்க்கிறார்! இன்னொரு பக்கம் தெக்கோவா ஊர்ப் பிரபுக்கள். வேலைக்குக் கழுத்தைக் கொடுக்க மாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். அவர்களைப் படித்தாலே எனக்குக் கோபம் வரும். அந்த ஊர் ஜனங்களோ தங்கள் பங்கை முடித்துவிட்டு, இன்னொரு பங்கையும் எடுத்துக் கட்டியிருக்கிறார்கள்.

ஒன்றை விட்டுவிட்டேன், நான் சொல்ல வந்ததே அதுதான். நாலாம் அதிகாரத்தில் சுமைகாரர்கள் வருகிறார்கள். அவர்கள் பெலன் குறைந்துபோகிறது, மண்மேடு இன்னும் மிச்சமிருக்கிறது, இனி எங்களால் கட்ட முடியாது என்று யூதா ஜனங்கள் சொல்கிறார்கள். கவனித்தீர்களா? கல் வைக்கிற கொத்தன் களைத்ததாகப் பேச்சு இல்லை. இடிபாட்டை அள்ளுகிறவன் களைத்ததும் மொத்தச் சுவர் வேலையும் நின்றுபோகிற நிலை. அவர்கள்தான் அன்றைய கைமடிகள். பவுலும் கொரிந்தியருக்கு எழுதும்போது, சரீரத்தில் பலவீனமாகத் தெரிகிற அவயவங்களே மிகவும் வேண்டியவை என்கிறார். அவர் பிரசங்கம் மட்டும் செய்தவர் இல்லை. கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் என்கிற தம்பதியோடு தங்கி, கூடாரம் செய்யும் தொழில் பார்த்தவர். ஒருவர் வேலை இன்னொருவர் கையில் போய் முடியும் என்பதைத் தொழில் செய்தே அறிந்தவர் என்றுதான் நான் நினைக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு சிங்கர் டைலர் அண்ணன் காசு போடவில்லை. "இது கம்பெனி செய்ய வேண்டியது. நாம போட்டா அவங்க மறந்துடுவாங்க" என்றார். சிலர் அவரைக் கஞ்சன் என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை, அவர் பேச்சில் நியாயம் இருக்கிறது. நெகேமியா ஐந்தாம் அதிகாரத்தைப் பாருங்கள். கடனில் வயலையும் பிள்ளைகளையும் இழக்கிறோம் என்று ஜனங்கள் கூக்குரலிடுகிறார்கள். உங்களுக்குள் வசூல் செய்து சரிக்கட்டிக்கொள்ளுங்கள் என்று நெகேமியா சொல்லவில்லை. பிரபுக்களைக் கூட்டி, வயலையும் வீட்டையும் வாங்கின வட்டியையும் திருப்பிக் கொடுக்க வைத்தார்.

அதனால் நாளைக்கு டீ நேரத்தில் நானும் அந்த அண்ணனும் மேனேஜரிடம் பேசப் போகிறோம். கேரியர் கேட்கப் போவதில்லை, அது வந்துவிட்டது. தீபாவளி போனஸ் பட்டியலில் கைமடிகளின் பெயரும் இருக்கிறதா என்று கேட்கப் போகிறோம். அவர் சொல்கிற பதிலை அடுத்த வாரம் சொல்கிறேன். உங்கள் கம்பெனியில் கைமடிகளுக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று எழுதுங்கள், பேசப் போகும்போது எனக்கு உதவும்.