புத்தகம் 5,000 ரூபாய், ஷிப்பிங் 4,200 ரூபாய்: வாங்கலாமா?

[திரையில்: இணையக் கடையின் கடைசிப் பக்கம். புத்தகத்தின் விலை, அதன் கீழே ஷிப்பிங் கட்டணம், அதற்கும் கீழே மொத்தம்.]

இந்தப் பக்கம் வரைக்கும் வந்துவிட்டு, மனசில்லாமல் திரும்பிப் போனவர்களுக்காகத்தான் இந்த வீடியோ.

உயிராய் நினைக்கிற ஒரு படம். அதைப் பற்றி வெளிநாட்டுப் பதிப்பகம் ஒன்று பெரிய அளவில் புத்தகம் போட்டிருக்கிறது. விலை நம்ம காசுக்கு 5,000 ரூபாய். சரி, ஆசைப்பட்டதுக்குக் கொடுக்கலாம் என்று முடிவு பண்ணி, முகவரியில் கோபிசெட்டிபாளையம் என்று அடித்து முடித்தால், ஷிப்பிங் மட்டும் 4,200 ரூபாய் என்று வருகிறது. இந்த விலைகள் உதாரணத்துக்குச் சொல்வதுதான், ஆனால் வெளிநாட்டிலிருந்து பெரிய புத்தகம் வரவழைத்துப் பார்த்தவர்களுக்கு இந்த விகிதம் புதிதில்லை.

"ஏனுங்ண்ணா, புஸ்தகத்துக்கு ஈடா அனுப்பற கூலியே வருதுங்களே, நம்மள ஏமாத்தறாங்களா?" என்று தம்பி ஒருத்தர் கேட்டார். பெரும்பாலும் ஏமாற்று இல்லை. அந்தக் காசு எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டால், அதில் எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கவே முடியாது என்பதும் தெரிந்துவிடும். அதைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

முதலில் எடை. படப்புத்தகம் ஏன் அவ்வளவு கனம்?

[திரையில்: ஒரு தாளின் ஓரம், மிக அருகில். பளபளப்பான மேல்பூச்சு தெரிகிறது.]

கதைப் புத்தகத்துக்குப் போடும் தாள் வேறு, இது வேறு. புகைப்படம் தெளிவாக விழ வேண்டும் என்பதற்காக இதில் களிமண் வகைப் பூச்சு பூசியிருப்பார்கள். ஆர்ட் பேப்பர் என்று சிவகாசியிலும் கோவை அச்சகங்களிலும் சொல்வது இதைத்தான். தாளின் கனத்தை ஜி.எஸ்.எம். கணக்கில் சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்பதுதான் அது. 170 ஜி.எஸ்.எம். தாளில், 30 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட சதுரப் புத்தகம், 240 பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 240 பக்கம் என்றால் 120 தாள். ஒரு தாளின் பரப்பு 0.09 சதுர மீட்டர், அப்படியானால் எடை 15.3 கிராம். 120 தாளுக்கு 1,836 கிராம். கெட்டி அட்டையும் மேலுறையும் சேர்ந்தால் 2.2 கிலோவை ஒட்டி வந்துவிடும். விற்பவர் எடையைக் குறிப்பிடாவிட்டாலும், பக்கமும் அளவும் ஜி.எஸ்.எம்.மும் தெரிந்தால் இப்படி நாமே எடையைக் கண்டுபிடித்துவிடலாம். ஆர்டர் போடுவதற்கு முன்னால் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

கட்டணத்தை முடிவு செய்வது தராசு மட்டும் இல்லை. இதைத் திருப்பூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை. ஏர் கார்கோவில் பனியன் பெட்டி அனுப்புகிற எந்தக் கம்பெனியிலும், பேக்கிங் செக்ஷனில் நிற்கிற பையன் வால்யூம் வெயிட் கணக்கை மனசிலேயே போட்டுவிடுவான். பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, கூரியர் என்றால் பெரும்பாலும் 5,000 ஆல் வகுக்க வேண்டும். வருகிற எண் கிலோ. தராசு எடை, இந்த எடை, இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு. விமானத்தில் இடம்தான் விலை.

[திரையில்: அட்டைப்பெட்டியின் படம். 38, 38, 10 என்று அளவுகள்.]

நம்ம புத்தகத்துக்கு வருவோம். மூலை மடங்காமல் வர வேண்டும் என்றால் சுற்றிலும் மெத்தை வைத்துத்தான் கட்ட வேண்டும். பெட்டி 38க்கு 38க்கு 10 என்று ஆகிவிடும். பெருக்கினால் 14,440. வகுத்தால் 2.89 கிலோ. அரை கிலோ அரை கிலோவாக மேலே ஏற்றுவது கூரியர் வழக்கம், ஆகவே 3 கிலோவுக்குக் கட்டணம். 2.2 கிலோ புத்தகத்துக்கு 3 கிலோ காசு. அந்த மிச்சம் 800 கிராம் நாம் மெத்தைக்கும் காற்றுக்கும் கொடுப்பது. நல்ல பேக்கிங் கேட்டால் இதையும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். மெல்லிய உறையில் போட்டு அனுப்பச் சொல்லி மிச்சம் பிடிப்பதை நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். இந்தக் கனத்துக்கு ஒருமுறை கீழே விழுந்தாலே அட்டையின் மூலை நசுங்கிவிடும், முதுகுத் தையலும் விட்டுப்போகும்.

சரி, விமானம் எதற்கு, கப்பலில் வரட்டுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு காலத்தில் அப்படித்தான் வந்தது. மூன்று மாசம் ஆகும், ஆனால் செலவு குறைவு. அமெரிக்கத் தபால்துறை 2007 மே மாதத்தில் வெளிநாடுகளுக்கான கப்பல் வழித் தபாலையே நிறுத்திவிட்டது. அமெரிக்காவுக்குள் புத்தகம் அனுப்ப இன்னமும் மலிவான தனிக் கட்டணம் இருக்கிறது. டெக்சாஸில் இருக்கும் நம்ம ஊர்க்காரருக்கு அதே புத்தகம் கொஞ்சக் காசில் வீட்டுக்கு வருவதும், நமக்கு வராததும் இதனால்தான். ஜப்பான் தபாலில் கப்பல் வழி இன்றைக்கும் உண்டு. ஆனால் விற்பவர் அந்த வழியில் அனுப்பச் சம்மதிக்க வேண்டும், நமக்கும் பொறுமை வேண்டும்.

ஷிப்பிங் ஏறுவதற்கு இன்னொரு காரணம் பலருக்குத் தெரியாதது. ஒரு நாட்டில் போட்ட தபாலை இன்னொரு நாட்டுத் தபால்காரர் கொண்டுபோய்க் கொடுத்தால், அவருக்கு யார் கூலி கொடுப்பது? இதைப் பேசி முடிக்கத்தான் உலகத் தபால் ஒன்றியம் இருக்கிறது. 1874-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் தொடங்கியது. 2019 செப்டம்பரில் ஜெனீவாவில் கூடி, வெளிநாட்டிலிருந்து வருகிற சிறு பொட்டலங்களுக்கான கூலியை நாடுகள் தாங்களே அறிவித்துக்கொள்ளலாம் என்று வழிவிட்டார்கள். அமெரிக்கா 2020 ஜூலையிலிருந்து அப்படிச் செய்தது. சிறு பொட்டலம் என்ற வகைக்கே 2 கிலோதான் எல்லை. நம்ம புத்தகம் அதையும் தாண்டுவதால் அந்த வகையில் அனுப்பவும் முடியாது.

அப்புறம் கஸ்டம்ஸ். அச்சிட்ட புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, நிம்மதி. ஆனால் 2019 பட்ஜெட்டில் இறக்குமதிப் புத்தகத்துக்கு 5 சதவீதம் சுங்க வரி போட்டார்கள். அந்த வரியைக் கணக்கிடும்போது புத்தக விலையோடு அனுப்பும் செலவில் ஒரு பகுதியையும் சேர்த்துத்தான் மதிப்புப் போடுவார்கள். கூரியரில் வந்தால் வரியை அவர்களே முதலில் கட்டிவிட்டு, அதற்கு ஒரு சேவைக் கட்டணமும், அந்தச் சேவைக்கு ஜி.எஸ்.டி.யும் நம்மிடம் வாங்குவார்கள். புத்தக வரியைவிட இந்தச் சில்லறைக் கட்டணம் பெரிதாக நிற்கும் நேரமும் உண்டு. ஆதார் மாதிரி அடையாளச் சான்று கேட்டுச் செய்தி வரும், பதில் போடாவிட்டால் பார்சல் அங்கேயே கிடக்கும். கார்டில் வெளிநாட்டுப் பணமாகக் கட்டினால் வங்கியும் 3.5 சதவீதம் வரை பிடிக்கலாம். பிடித்தம் ஷிப்பிங்குக்கும் சேர்த்துத்தான்.

இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் 9,200 என்று திரையில் காட்டியது கடைசிக் கணக்கு இல்லை. பத்தாயிரத்தை ஒட்டி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி முக்கியமான கேள்வி. அந்தக் காசு தகுமா?

[திரையில்: மழையில் நனையும் வயல். நடவு வரிசை.]

ஒரு படத்தை வைத்தே பேசலாம். அகிரா குரோசாவாவின் செவன் சாமுராய், 1954. வெள்ளாமையைக் கொள்ளையர்களிடமிருந்து காப்பாற்ற ஏழு வீரர்களைக் கூலிக்கு அழைத்து வருகிற கிராமத்தின் கதை. மூன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. கடைசியில் மக்கள் மேளம் தட்டிப் பாடிக்கொண்டே நெல் நாற்று நடுகிற காட்சி வரும். தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் நடவு பார்த்து வளர்ந்த கோபிக்காரர்களுக்கு அந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டாம். அந்த இடத்தில் கண் கலங்கி உட்கார்ந்தவர்களை எனக்குத் தெரியும்.

இந்தப் படத்துக்காக குரோசாவா, கிராமத்து மக்கள் ஒவ்வொருவரும் எந்தக் குடும்பம், யாருக்கு யார் உறவு என்று பட்டியலே போட்டு வைத்தார். திரையில் ஒரு வார்த்தை பேசாத கிழவருக்கும் ஒரு வீடு, ஒரு குடும்பம். மழையில் நடக்கும் கடைசிச் சண்டையைப் பல கேமராக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டுப் படமாக்கினார். படப்பிடிப்பு ஏறக்குறைய ஒரு வருஷம் இழுத்தது. இப்படிப்பட்ட ஒரு படத்தின் வரைபடங்கள், உடை ஓவியங்கள், இயக்குநரின் கைக்குறிப்புகள், படப்பிடிப்பில் எடுத்த புகைப்படங்கள் இவற்றைப் பெரிய தாளில் அச்சிட்டு ஒரு புத்தகம் வந்தால், அதற்குப் பத்தாயிரம் கொடுப்பது தவறில்லை என்பது என் அபிப்பிராயம். கிராமத்தின் வரைபடம் இரண்டு பக்கத்துக்கும் பரந்து கிடக்க, கொள்ளையர்கள் எந்தப் பக்கம் நுழைகிறார்கள் என்று விரல் வைத்துத் தேடிப் பார்ப்பது ஃபோன் திரையில் நடக்காது.

அதே படத்தைப் பற்றி வெறும் கட்டுரைத் தொகுப்பு என்றால் என் பதில் வேறு. மின்னூல் இருந்தால் அதை வாங்குங்கள். எழுத்துக்குத் தாளின் கனம் தேவையில்லை. உள்ளடக்கப் பக்கத்தையும் மாதிரிப் பக்கங்களையும் பதிப்பகத்தின் தளத்தில் பார்க்காமல் ஆர்டர் போடவே வேண்டாம். திரையரங்கில் பார்த்த காட்சிகளையே பக்கம் பக்கமாக நிரப்பிய புத்தகங்களும் இருக்கின்றன, அவற்றுக்கு ஷிப்பிங் கொடுப்பது வீண்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அதே 1954-ல் கோவையில் பட்சிராஜா ஸ்டுடியோவின் தயாரிப்பாக மலைக்கள்ளன் வந்தது. நாமக்கல் கவிஞரின் நாவல், ஸ்ரீராமுலு நாயுடு இயக்கம், கலைஞர் வசனம், எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடிப்பு. ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் பெற்ற முதல் தமிழ்ப் படம். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ், கோவை சென்ட்ரல் ஸ்டுடியோ என்று கொங்கு மண்ணில் எத்தனை படங்கள் பிறந்திருக்கின்றன. அந்தப் படங்கள் உருவான விதத்தை இதே அளவில், இதே அக்கறையோடு அச்சிட்ட புத்தகமாகக் கையில் வைத்துப் பார்க்க எனக்குத் தீராத ஆசை. யாராவது கொண்டுவந்தால் முதல் பிரதி எனக்கு.

சரி, செலவைக் குறைக்கிற வழிக்கு வருவோம். கூட்டாக வாங்குவதுதான் நல்ல வழி. நான்கு பேர் சேர்ந்து ஒரே பெட்டியில் வரவழைத்தால் பெட்டி 38க்கு 38க்கு 18. வால்யூம் வெயிட் 5.2 கிலோ, பெட்டியும் மெத்தையும் சேர்த்துத் தராசு எடை 9.4 கிலோ. இப்போது தராசு ஜெயிக்கிறது, காற்றுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆளுக்கு 3 கிலோவாக இருந்தது 2.4 கிலோ ஆகிறது. இது மட்டும் என்றால் பெரிய மிச்சம் இல்லை. முதல் கிலோவுக்கான கட்டணம்தான் எப்போதும் அதிகம், அது நான்காகப் பிரிகிறது. கூரியரின் சேவைக் கட்டணமும் ஒருமுறைதான் வரும். உண்மையான மிச்சம் அங்கேதான்.

[திரையில்: மேஜை மேல் திறந்த பெட்டி. நான்கு புத்தகங்கள் அடுக்கி.]

கூட்டு வாங்கல் என்றால் காசு விவகாரத்தை முன்னாடியே பேசிவிட வேண்டும். பார்சல் யார் பேரில் வருகிறதோ, வரி கேட்டு வருகிற செய்தியும் அவருக்குத்தான். ஆகவே ஷிப்பிங் மட்டும் இல்லாமல் வரிக்கும் சேர்த்து எல்லோரும் முன்பணம் கொடுத்துவிடுங்கள். பலர் மறக்கிற இன்னொன்று, நான்கில் ஒன்று மூலை நசுங்கி வந்தால் அது யாருக்கு? "பொறவு பாத்துக்கலாமுங்க" என்று விட்டால் நல்ல சிநேகிதத்திலும் கசப்பு வரும். சீட்டுக் குலுக்கிப் போடுவது என்று ஆர்டர் போடும் அன்றைக்கே முடிவு செய்யுங்கள்.

அவசரம் இல்லை என்றால் இந்தியாவில் இருக்கும் இறக்குமதியாளர் வழியாகக் கேட்கலாம். மொத்தச் சரக்கோடு வருவதால் ஒரு பிரதிக்கு விழும் செலவு குறைவு. ஈரோடு புத்தகத் திருவிழாவிலோ கோவை கொடிசியா புத்தகத் திருவிழாவிலோ ஆங்கிலப் புத்தகக் கடை போடுபவர்களிடம் ஒவ்வொரு பதிப்புக்கும் தனியாக இருக்கும் ஐ.எஸ்.பி.என். எண்ணைக் கொடுத்துச் சொல்லி வையுங்கள். புத்தகத்தின் பெயரைவிட அந்த எண் முக்கியம், வேறு பதிப்பு வந்து நிற்காது. ஆனால் குறைந்த பிரதிகள் மட்டும் அச்சிடுகிற புத்தகத்துக்கு இந்தக் காத்திருப்பு ஆபத்து. விற்றுத் தீர்ந்தால் பழைய புத்தகச் சந்தையில் இரட்டிப்பு விலைக்குப் போகலாம், அதற்கும் இதே ஷிப்பிங்தான்.

நாட்டுக்குள் வந்துவிட்ட புத்தகத்துக்கு நல்ல வழி இருக்கிறது. பதிவுப் புத்தகத் தபால் 2024 டிசம்பரில் நின்றுபோனது நிறையப் பேருக்கு வருத்தம். அதன்பின் 2025 மே 1-ல் அஞ்சல் துறை ஞான் போஸ்ட் என்று ஒன்றைத் தொடங்கியது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை போனால் 100 ரூபாய், வரி தனி. தரை வழியாகத்தான் வரும், ஆனால் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். கல்வி, பண்பாடு சார்ந்த புத்தகங்களுக்கு என்று வைத்திருக்கிறார்கள், புத்தகத்தில் அச்சிட்டவர் அல்லது பதிப்பாளர் பெயர் இருக்க வேண்டும். டெல்லியில் இருக்கும் நண்பர் வாங்கி வைத்திருக்கும் பிரதியைத் தாராபுரத்துக்கு வரவழைக்க இதைக் கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக, பார்சல் வந்ததும் செய்ய வேண்டியது. பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னாலேயே வீடியோவை ஓடவிடுங்கள். முகவரிச் சீட்டு, பெட்டியின் ஆறு பக்கம், அப்புறம் உள்ளே இருக்கும் மெத்தை, அதன்பின் புத்தகத்தின் நான்கு மூலை, முதுகு என்று வரிசையாகக் காட்டுங்கள். சேதம் இருந்தால் அன்றைக்கே பதிப்பகத்துக்கு எழுதுங்கள், புகைப்படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். மாற்றுப் பிரதி கேட்பதா, பாதிக் காசைத் திருப்பிக் கேட்பதா என்று வந்தால் இரண்டாவதை யோசித்துப் பாருங்கள். மாற்றுப் பிரதிக்கும் இதே ஷிப்பிங்கை யாரோ ஒருவர் கட்ட வேண்டும், சின்னப் பதிப்பகத்துக்கு அது தாங்காது. பெட்டியை மட்டும் பதில் வரும் வரைக்கும் தூக்கிப் போடாதீர்கள்.