விரல் தெரியாது, ஒலி தெரியும்

நேயர்களுக்கு வணக்கம்.

1939இல் செட் அட்கின்ஸ் என்ற பதின்வயதுப் பையன் வானொலியில் மெர்ல் டிராவிஸின் கிட்டார் வாசிப்பைக் கேட்டார். ஒரே கிட்டாரில் பேஸ் என்னும் கீழ்ச் சுரங்களும் மெலடி என்னும் மெட்டும் சேர்ந்தே ஓடின. டிராவிஸ் பெரும்பாலும் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்தே அதைச் செய்தார். வானொலியில் கை தெரியாதே! அட்கின்ஸ் கூடுதலாக விரல்களைச் சேர்த்து வாசித்துப் பழகினார். பின்னாளில் உலகமே கேட்ட அவருடைய பாணி அப்படி உருவானதுதான்.

இப்படி விரல்களாலேயே மீட்டுவதுதான் ஃபிங்கர்ஸ்டைல். இன்று எந்த ஃபிங்கர்ஸ்டைல் இசைக்கும் டேப் (எந்தத் தந்தியில் எங்கே விரல் வைப்பது என்று எழுதிய குறிப்பு) கிடைக்கிறது, வீடியோ கிடைக்கிறது. இருந்தாலும் முதலில் பதிவைக் கேட்டு, சுரங்களைக் காதால் தேடுங்கள் என்றுதான் சொல்வேன். எந்த ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தில் உள்ள கட்டம்) விரல் வைப்பது என்று டேப் சொல்லிவிடும். கட்டைவிரல் ஒரு குரல், மற்ற விரல்கள் இன்னொரு குரல் என்று பிரித்துக் கேட்கும் பழக்கம் மட்டும் கேட்டுக் கேட்டுத்தான் வரும்.

மெலடியை முணுமுணுக்க வந்துவிட்டதா? சரி, அதை அப்படியே விட்டுவிட்டு பேஸுக்குப் போங்கள். ஹெட்ஃபோன் அவசியம், கைபேசியின் சின்ன ஸ்பீக்கரில் கீழ்ச் சுரங்கள் சரியாகக் கேட்காது. சுருதி மாறாமல் வேகத்தைப் பாதியாக்கும் செயலிகள் இருக்கின்றன, தயங்காமல் பயன்படுத்துங்கள். வழக்கமான ட்யூனிங்கில், அதாவது சுருதி சேர்க்கும் முறையில், மிகத் தடித்த ஆறாவது தந்தி ஈ (E) சுரம், ஏறக்குறைய 82 ஹெர்ட்ஸ். அதற்கும் கீழே ஒரு சுரம் ஒலித்தால் ட்யூனிங்கையே மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். பெரும்பாலும் அது டி (D) ஆக இருக்கும்.

அப்புறம்தான் உண்மையான புதிர். முதல் தந்தியைத் திறந்து மீட்டினால் வரும் அதே ஈ, இரண்டாம் தந்தியின் 5ஆம் ஃப்ரெட்டிலும், மூன்றாம் தந்தியின் 9ஆம் ஃப்ரெட்டிலும், நான்காம் தந்தியின் 14ஆம் ஃப்ரெட்டிலும் இருக்கிறது. சுரம் பிடிபட்டாலும் இடம் பிடிபடாது. துப்பு ஒலிக்குள்ளேயே கிடக்கிறது. இடது கை நகர்ந்த பிறகும் ஒரு சுரம் விடாமல் ஒலித்தால் அது திறந்த தந்தியாக இருக்கலாம். கம்பி சுற்றிய தந்தியில் விரல் வழுக்கும்போது 'கீச்' என்று ஒரு சத்தம் வரும். கை இடம் மாறியதை அது காட்டிக்கொடுத்துவிடும். பதிவில் அதை ஒரு குறையாகச் சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அது பொக்கிஷம். மெலடி சுரத்துக்குக் கீழே ஒலிக்கும் பேஸையும் அதே கை எட்டிப் பிடிக்க முடிகிறதா என்று பாருங்கள். எட்டவில்லையென்றால் வேறு இடம் தேட வேண்டியதுதான்.

இரண்டு பார் (தாளச் சுற்று) கிடைத்ததும் கட்டைவிரலை மட்டும் ஓடவிடுங்கள். பேசிக்கொண்டே வாசிக்க முடிகிற அளவுக்கு அது தானாக ஓட வேண்டும். அதன்மேல் மெலடியை ஒவ்வொரு சுரமாக வையுங்கள்: இது பேஸோடு சேர்ந்து விழுகிறதா, இரண்டு பேஸுக்கு நடுவில் விழுகிறதா? ஃபிங்கர்ஸ்டைலின் ஆட்டமே அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. அங்கே அவசரப்படாதீர்கள்.

முதல் முயற்சிக்கு ஒற்றைக் கிட்டார் மட்டும் ஒலிக்கிற, பாட்டுக் குரல் இல்லாத, நிதானமான ஒரு பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரல் சீராக நடக்கும் பதிவாக இருந்தால் இன்னும் நல்லது.

நன்றி, வணக்கம்.