காப்பியில் கலக்கும் வெள்ளைத் தூள்

நேயர்களுக்கு வணக்கம். காப்பியில் பாலுக்குப் பதிலாகக் கலக்கப்படும் கிரீமர் தூளைப் பற்றியும், அதை விடுத்து இயல்பான பொருள்களுக்கு மாற விரும்புவோர் எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதைப் பற்றியும் பேசுமாறு நிகழ்ச்சித் தயாரிப்பாளர்கள் கேட்டுக்கொண்டார்கள். கிரீமரை நஞ்சு என்று சொல்லி உங்களை அச்சுறுத்த நான் வரவில்லை. அது என்ன பொருள் என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

பேரங்காடியில் ஒரு கிரீமர் பொட்டலத்தைக் கையில் எடுத்தால், நுரை ததும்பும் கோப்பையின் படம் அச்சிட்ட முன்பக்கத்தை விட்டுவிட்டு, சிறிய எழுத்துகள் நிறைந்த பின்பக்கத்தைப் பாருங்கள். சிங்கப்பூரில் விற்கப்படும் பொட்டல உணவுகளில் சேர்மானப் பொருள்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது என்ற வரிசையில் எழுத வேண்டும் என்பது விதி. பெரும்பாலான கிரீமர்களில் முதலில் வருவது குளுக்கோஸ் சிரப். அதாவது மாவுப்பொருளை உடைத்துப் பெறும் சர்க்கரைப் பாகை உலர்த்திய தூள். அடுத்து வருவது தாவர எண்ணெய். நம் வட்டாரத்தில் அது பெரும்பாலும் செம்பனை அல்லது செம்பனைக் கொட்டை எண்ணெயாக இருக்கும். மூன்றாவதாகச் சோடியம் கேசினேட். அதன் பிறகு பொட்டாசியம் பாஸ்பேட், எண்ணெயையும் நீரையும் பிரியாமல் இணைத்து வைக்கும் குழம்பாக்கி, தூள் கட்டிபிடிக்காமல் இருக்கச் சிலிக்கன் டைஆக்சைடு, மணப்பொருள், நிறம் என்று பட்டியல் நீளும். முதல் இரண்டு பொருள்களே பொட்டலத்தின் பெரும்பகுதி. தூளின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு; பாதிக்கு மேல் பாகு.

இந்தச் சேர்மானத்துக்குக் காரணம் இருக்கிறது. பால் வெள்ளையாகத் தெரிவதற்கு, அதில் மிதக்கும் நுண்ணிய கொழுப்புத் துளிகளும் புரதத் துகள்களும் ஒளியைச் சிதறடிப்பதே காரணம். எண்ணெயை அதே அளவுக்கு நுண்ணிய துளிகளாக உடைத்து, ஒவ்வொரு துளியின் மேலும் புரதத்தை ஒரு மெல்லிய உறையாகப் போர்த்திவிட்டால், பாலே இல்லாமல் பாலின் வெண்மை கிடைத்துவிடும். காப்பியில் சிறிது அமிலம் உண்டு. எலுமிச்சை பிழிந்த பால் போலக் கிரீமரும் அந்தச் சூட்டில் திரிந்துவிடாமல் காப்பதற்குத்தான் பாஸ்பேட் உப்பு. தொழில்நுட்பம் என்ற அளவில் இதைக் கெட்டிக்காரத்தனம் என்றுதான் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் கார்னேஷன் நிறுவனம் 1961இல் காபி-மேட் என்ற தூளை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, குளிர்பதனப் பெட்டி இல்லாமலே பல மாதங்கள் கெடாது என்பதுதான் அதன் பெரிய கவர்ச்சியாக இருந்தது. சுண்டக் காய்ச்சிய டின் பாலால் பெயர்பெற்ற அதே நிறுவனம்தான், பால் தேவைப்படாத தூளையும் விற்றது. பின்னர், 1985இல், அந்நிறுவனத்தை நெஸ்லே வாங்கிக்கொண்டது.

மேலே சொன்ன சோடியம் கேசினேட்டைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். கேசின் என்பது பாலில் உள்ள புரதம். பசும்பாலின் புரதத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு அதுதான். ஆகவே பால் பொருள் அல்ல என்று முகப்பில் எழுதியிருக்கும் பல கிரீமர்களில் பாலிலிருந்து எடுத்த புரதம் இருக்கவே செய்கிறது. பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிக்காமல் வயிறு உப்புகிறவர்களுக்கு இதனால் பெரிய தொல்லை இராது. ஆனால் பால் புரத ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது ஆபத்து. விலங்குப் பொருள்களை அறவே தவிர்ப்பவர்களுக்கும் இது ஏற்றதன்று. பால் சேர்ந்திருந்தால் அதைப் பொட்டலத்தில் குறிப்பிட்டே ஆக வேண்டும் என்று இங்குள்ள விதி சொல்வதால், தேடினால் அந்த வரி கண்ணில் படும். சைவ உணவுக்காரர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஈ471 என்ற எண்ணுடன் வரும் குழம்பாக்கியைத் தாவர எண்ணெயிலிருந்தும் செய்யலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் செய்யலாம். அந்த இலக்கத்தை மட்டும் பார்த்து எதுவென்று கண்டுபிடிக்க முடியாது.

கொழுப்பைப் பற்றிப் பேசும்போது பழைய அச்சம் ஒன்றையும் புதிய உண்மை ஒன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. திரவ எண்ணெயைக் கெட்டியாக்க அதில் ஹைட்ரஜனைப் பாதி அளவில் ஏற்றும்போது உருவாகும் டிரான்ஸ் கொழுப்பு, கெட்ட கொலஸ்டிராலைக் கூட்டி, நல்ல கொலஸ்டிராலைக் குறைத்து, இதயத்துக்கு இரட்டைத் தீங்கு செய்வது. கிரீமருக்குக் கெட்ட பெயர் வந்ததற்கு அதுவே முதன்மையான காரணம். பகுதி ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெய்களைச் சிங்கப்பூர் 2021 ஜூன் 1 முதல் உணவில் தடை செய்துவிட்டது. எனவே இன்று இங்குள்ள கடைகளில் சட்டப்படி விற்கப்படும் கிரீமரைப் பார்த்து டிரான்ஸ் கொழுப்பு என்று அஞ்சுவது காலம் கடந்த அச்சம். ஆனால் அந்த இடத்தை நிரப்பியிருப்பது பெரும்பாலும் நிறைவுற்ற கொழுப்பு. செம்பனைக் கொட்டை எண்ணெயில் அதன் அளவு ஏறத்தாழ 80 விழுக்காடு. தடை வந்துவிட்டதே என்று கரண்டியைத் தாராளமாக அள்ளுவதற்கு இது இடம் தராது.

என்னைக் கேட்டால், நம் சமூகத்துக்குக் கொழுப்பைவிடப் பாகுதான் அதிகக் கவலை தர வேண்டியது. நீரிழிவுக்கு எதிரான போரைச் சுகாதார அமைச்சு 2016இல் அறிவித்தது. இந்நாட்டு இந்தியர்களிடையே அந்நோய் மிகுதியாகக் காணப்படுவதும் நாம் அறிந்ததே. சீனி வேண்டாம் என்று உறுதியாக மறுக்கும் ஒருவர், அதே காப்பியில் கிரீமரை இரண்டு கரண்டி குவித்துப் போடுவதைப் பல அலுவலகங்களின் தேநீர் அறைகளில் பார்க்கலாம். கிரீமரில் உள்ள குளுக்கோஸ் சிரப் நாக்குக்கு அவ்வளவாக இனிப்பதில்லை. அதனால் அது சர்க்கரையாகத் தோன்றுவதுமில்லை. இரத்தத்துக்கு அந்த வேறுபாடு தெரியாது. ஒரு முறை பரிமாறும் அளவு என்று பொட்டலம் குறிப்பிடுவது பெரும்பாலும் தட்டையான ஒரு தேக்கரண்டி. நாம் போடுவது அந்த அளவா என்று வீட்டில் ஒரு நாள் நிறுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். காப்பி, கிரீமர், சீனி மூன்றும் சேர்ந்த காப்பித்தூள் உறைகளுக்கு, பானங்களை ஏ முதல் டி வரை தரம் பிரிக்கும் நியூட்ரி-கிரேட் மதிப்பீடு 2022 டிசம்பர் 30 முதல் பொருந்துகிறது. இனிப்பும் நிறைவுற்ற கொழுப்பும் மிகுந்தவை சி, டி என்ற எழுத்துகளைத் தாங்கித்தான் வர வேண்டும். தனியாக விற்கும் உறைகளில் அந்த எழுத்தைப் பார்த்து வாங்குவது எளிய வழி.

தூள் கிரீமர் எங்கள் வீட்டில் கிடையாது, காப்பிக்கடையில்தான் குடிக்கிறோம் என்று சிலர் நினைக்கலாம். காப்பிக்கடைக்காரர் கோப்பையின் அடியில் ஊற்றும் அந்தக் கெட்டியான டின்னைச் சற்று எட்டிப் பாருங்கள். இனிப்பூட்டிய கிரீமர் என்று அதில் அச்சிட்டிருப்பதைப் பல இடங்களில் காணலாம். பால் கொழுப்புக்குப் பதிலாகச் செம்பனை எண்ணெய் கலந்த பால் அது. நாம் டின் பால் என்று பழக்கத்தால் சொல்கிறோம். இந்த டின்களோடு சிங்கப்பூருக்குள்ள உறவு பழையது. 1939இல் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற குழந்தை மருத்துவர், இங்குள்ள ரோட்டரி சங்கத்தில் ஆற்றிய உரையில், இனிப்பூட்டிய டின் பாலைத் தாய்ப்பாலுக்கு மாற்று என்று விளம்பரப்படுத்தியதால் பச்சிளம் குழந்தைகள் மடிவதைக் கொலை என்றே கண்டித்தார். காப்பியில் ஊற்றிக்கொள்ளும் பெரியவர்களுக்கு அந்த அளவு கேடு இல்லைதான். ஆனாலும் கிரீமரைப் பாலுக்கு ஈடாகக் கருதும் மயக்கம் இன்றும் உண்டு. முதியோர் உள்ள வீடுகளில் காலையும் மாலையும் பால் காப்பி குடிப்பதாக எண்ணிக்கொண்டு கிரீமர் காப்பி குடிப்பார்கள்; பாலில் கிடைக்கும் சுண்ணாம்புச் சத்து அதில் மிகச் சொற்பம்.

இனி மாற்றுகளுக்கு வருவோம். லாக்டோஸ் தொல்லையோ ஒவ்வாமையோ இல்லாதவர்களுக்கு முதல் மாற்று சாதாரணப் பால்தான். இதைச் சொல்ல ஒரு நிபுணர் தேவையில்லை. லாக்டோஸ் மட்டும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு, அதை நொதியால் முன்கூட்டியே உடைத்த பால் பேரங்காடிகளில் கிடைக்கிறது. காப்பிக்கடையில் கோப்பி சி கோசோங் என்று கேட்டால், சுண்டக் காய்ச்சிய பாலைச் சீனி இல்லாமல் கலந்து தருவார்கள். சில கடைகளில் அதுவும் கிரீமர் கலந்த டின்னாக இருக்கலாம் என்பதால் கேட்டுக்கொள்வது நல்லது.

தாவரப் பால்களில் ஓட்ஸ் பாலுக்கு இப்போது மவுசு அதிகம். சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்விலிருந்து 1990களில் பிறந்தது அது. நொதிகளைக் கொண்டு ஓட்ஸின் மாவுப்பொருளை உடைப்பதால், சீனி சேர்க்காத வகையிலும் மால்ட்டோஸ் என்ற சர்க்கரை தானாகவே உருவாகிவிடுகிறது. நீரிழிவு உள்ளவர்கள் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும். காப்பிக்கென்றே விற்கப்படும் ஓட்ஸ் பாலின் பின்பக்கத்தைப் படித்தால் உங்களுக்கு வியப்பு காத்திருக்கும்: கடுகு இனத்து எண்ணெய் ஒன்றும், கிரீமரில் பார்த்த அதே பாஸ்பேட்டும் அதிலும் இருக்கும். இயற்கை என்ற சொல்லை அட்டையில் அச்சிடுவதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. சோயா பாலில் புரதம் நிறைய உண்டு. கொதிக்கும் காப்பியில் ஊற்றினால் திரிந்துவிடும் என்பதுதான் குறை. பாலை முதலில் கோப்பையில் மிதமாகச் சூடாக்கி வைத்துக்கொண்டு, சற்று ஆறிய காப்பியை அதன் மேல் மெதுவாக ஊற்றினால் பெரும்பாலும் திரிவதில்லை. கறுக்க வறுத்த நம் ஊர் ரொபஸ்டா வகைக் காப்பியில் அமிலம் குறைவு என்பதால் அதனுடன் சோயா பால் நன்றாகவே ஒத்துப்போகிறது. (அந்தக் கொட்டைகளைச் சீனியும் மார்ஜரினும் சேர்த்து வறுப்பது இங்குள்ள வழக்கம் என்பதையும், இயற்கையைத் தேடுவோர் காதில் போட்டு வைக்கிறேன்.)

வீட்டிலேயே செய்ய விரும்புவோருக்கு முந்திரிப் பால் ஏற்றது. கால் கோப்பை முந்திரியை நான்கு மணி நேரம் ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, ஒரு கோப்பை புதுத் தண்ணீர் விட்டு, விரலில் தேய்த்தால் நறநறவென்று படாத பதம் வரும்வரை அரைக்க வேண்டும். வடிகட்டத் தேவையில்லை. குளிர்பதனப் பெட்டியில் மூன்று நாள் வரை வைக்கலாம். அடியில் படிந்தால் குலுக்கிக்கொள்ளலாம். தேங்காய்ப் பாலும் சுவையானதுதான், குறிப்பாகக் கருப்பட்டி சேர்த்த காப்பிக்கு. ஆனால் தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90 விழுக்காடு நிறைவுற்ற கொழுப்பு என்பதால், தேக்கா சந்தையில் துருவி வாங்கிய தேங்காயே ஆனாலும் இரண்டாம் பாலோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் தம் விருப்பப்படி மாற்ற வேண்டாம். உணவில் சேர்மானமாகக் கலக்கும் பாஸ்பேட்டை, இயல்பாக உணவில் உள்ள பாஸ்பேட்டைவிட உடல் எளிதாக உறிஞ்சிக்கொள்ளும். மறுபுறம், பாலிலும் பாஸ்பரஸும் பொட்டாசியமும் உண்டு. இரண்டில் எது, எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவமனையின் உணவியல் வல்லுநர்தான் சொல்ல வேண்டும்.

கடைசியாக, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் திருமணமோ பூசையோ நடத்துவோர் கேட்கும் கேள்வி. இருநூறு பேருக்குக் காப்பி கொடுக்க வேண்டும், குளிர்பதனப் பெட்டி கிடையாது, கிரீமரை விட்டால் வேறு என்ன வழி என்பார்கள். மிகுவெப்பத்தில் பதப்படுத்தி அட்டைப் பெட்டியில் அடைத்த பால், திறக்கும்வரை அறை வெப்பத்திலேயே பல மாதங்கள் இருக்கும். கறுப்புக் காப்பியைப் பெரிய கொதிகலனில் தனியாகவும், சூடாக்கிய பாலை மூடியுள்ள வெப்பக் குடுவையில் தனியாகவும் வையுங்கள்; ஒரு பெட்டி தீர்ந்த பிறகே அடுத்ததைத் திறவுங்கள். பால் வேண்டாதவர்களுக்கு ஒரு பாத்திரத்தில் சுக்குக் காப்பி போட்டு வைத்தால் போதும். அதை எடுத்துக்கொள்கிறவர்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகவே இருப்பார்கள். வணக்கம்.