மத்திய வங்கி பணத்தை உருவாக்குவது எப்படி?

"மத்திய வங்கி பணத்தை அச்சடித்துத் தள்ளுகிறது" என்று செய்தியில் கேட்டதும், விடாமல் ஓடும் அச்சு இயந்திரமும் கட்டுக்கட்டான நோட்டுகளும்தான் கண்முன் வரும். உண்மையில் பெரும்பாலும் நடப்பது, ஒரு கணக்கில் எண் கூடுவது மட்டுமே. யாருடைய கணக்கில் என்பதுதான் முக்கியம்.

[திரையில்: மத்திய வங்கி, வணிக வங்கி, ஓய்வூதிய நிதி என மூன்று கணக்கேடுகள்]

ஓர் ஓய்வூதிய நிதியிடமிருந்து மத்திய வங்கி 100 கோடிக்கு அரசுக் கடன் பத்திரம் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நிதிக்கு மத்திய வங்கியில் கணக்கு கிடையாது. வணிக வங்கியில்தான் இருக்கிறது. அதனால் மத்திய வங்கி, அந்த வணிக வங்கி தன்னிடம் வைத்திருக்கும் கணக்கில் 100 கோடியை வரவு வைக்கிறது. இதற்குப் பெயர் ரிசர்வ். வணிக வங்கி தன் பங்குக்கு ஓய்வூதிய நிதியின் கணக்கில் 100 கோடியை ஏற்றுகிறது. இது வைப்பு.

கவனியுங்கள், இரண்டு எண்கள், இரண்டு வகைப் பணம். ரிசர்வ் என்பது வங்கிகளுக்குள்ளேயே சுற்றும் பணம். கடையில் நீங்களும் நானும் கொடுப்பது வைப்பு. இரண்டையும் "பணம்" என்றே சொல்லிவிடுவதால்தான் இத்தனை குழப்பம்.

"வங்கிகள் ரிசர்வை முடக்கி வைத்திருக்கின்றன, மக்களுக்குக் கடனாகக் கொடுக்க மாட்டேன் என்கின்றன" என்ற புகாரை அடிக்கடி கேட்கலாம். ரிசர்வை அப்படி எடுத்துக் கொடுக்கவே முடியாது. ஒரு வங்கி இன்னொரு வங்கிக்கு அனுப்பினாலும், வாடிக்கையாளர்கள் ரொக்கமாக எடுக்காத வரை, மொத்த அளவு அப்படியே இருக்கும்.

சரி, கடன் எங்கிருந்து வருகிறது? வங்கி உங்களுக்கு வீட்டுக்கடன் தரும்போது, வேறொருவர் சேமிப்பில் கைவைப்பதில்லை. ஒரு பக்கம் "கடன்" என்றும், மறுபக்கம் உங்கள் கணக்கில் "வைப்பு" என்றும் ஒரே நேரத்தில் எழுதுகிறது. பணம் புதிதாகப் பிறக்கிறது. அசலைத் திருப்பிக் கட்டக் கட்ட அது மறைகிறது. பிரிட்டனின் மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கியே 2014இல் வெளியிட்ட கட்டுரையில் இதைத் தெளிவாகச் சொன்னது. அதற்காக வங்கி இஷ்டத்துக்கு எழுதிவிட முடியாது. வட்டி விகிதம், மூலதன விதிகள், கடன் வாங்குபவரின் திருப்பிச் செலுத்தும் திறன் எல்லாம் கடிவாளம் போடும்.

[திரையில்: ஃபெடரல் ரிசர்வின் சொத்து, 2008 – 2014]

அமெரிக்காவின் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் வைத்திருந்த சொத்து, அதாவது பெரும்பாலும் அது வாங்கிய பத்திரங்கள், 2008 நிதி நெருக்கடிக்கு முன் சுமார் 0.9 டிரில்லியன் டாலர். 2014 முடிவில் சுமார் 4.5 டிரில்லியன். ஐந்து மடங்கு! விலைவாசி விண்ணைத் தொடும் என்று பலர் எச்சரித்தார்கள். தொடவில்லை. ரிசர்வ் குவிந்தது, அடிபட்டிருந்த குடும்பங்களும் நிறுவனங்களும் புதுக்கடன் வாங்கும் நிலையில் இல்லை.

ஆனால் 2022 ஜூனில் அமெரிக்கப் பணவீக்கம் 9.1 சதவீதத்தைத் தொட்டது. இம்முறை மத்திய வங்கி பத்திரம் வாங்கியதோடு, அரசும் மக்கள் கணக்குகளில் நேரடியாகப் பணம் போட்டிருந்தது. பொருள் தட்டுப்பாடும் எரிபொருள் விலையேற்றமும் சேர்ந்துகொண்டன. "அச்சடித்தார்கள், விலை ஏறியது" என்று ஒரே வரியில் முடிப்பவர்கள் இரண்டு காலத்தையும் விளக்க முடியாது.

அதே மாதம் ஃபெடரல் ரிசர்வ் திரும்பி நடக்கத் தொடங்கியது. முதிர்ந்த பத்திரங்களில் ஒரு பகுதிக்குப் பதிலாகப் புதியவற்றை வாங்குவதை நிறுத்தியது. அந்தப் பத்திரங்களுக்கு அரசு பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, உருவாக்கிய அதே கணக்கேட்டிலேயே அந்தத் தொகை கழிக்கப்படுகிறது.