வெண்பொடி பூத்த காய்

நேயர்களுக்கு வணக்கம். வெளிநாட்டுக் கூட்டுப்பண்ணை ஒன்றில் தன்னார்வலராகப் பணிபுரிந்த அனுபவத்தைப் பற்றிப் பேசுமாறு நிலையத்தார் என்னை அழைத்தபோது, போய்ச் சேர்ந்த முதல் சில நாள்களைப் பற்றி மட்டும் பேசலாமா என்று கேட்டேன். அங்கே நான் மூன்று மாதங்கள் இருந்தேன்; ஆனால் சொல்லத்தக்க பிழையை மூன்றாம் நாளே செய்து முடித்துவிட்டேன்.

நான் பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரன். எங்கள் பகுதியில் பல தோப்புகளில் தென்னைக்கு ஊடுபயிராகக் கோகோ நிற்கிறது. அணிலும் எலியும் கடித்த காய்களைப் பொறுக்கி வளர்ந்தவன் நான். மத்திய அமெரிக்க நாடான கோஸ்டா ரிகாவில், கரீபியக் கடலோரத்துத் தலமான்கா பகுதியில், சில குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் கோகோப் பண்ணைக்கு ஆள் தேவை என்று தெரிந்ததும், நாளுக்கு ஐந்து மணி நேர வேலைக்குப் படுக்க இடமும் மூன்று வேளை உணவும் என்ற ஒப்பந்தத்தை உடனே ஏற்றுக்கொண்டேன். உதவி செய்யப் போகிறோம் என்ற நினைப்போடு, கற்றுக்கொடுக்கவும் நம்மிடம் ஏதோ இருக்கிறது என்ற நினைப்பும் எனக்கு இருந்ததை மறைக்க விரும்பவில்லை.

தலைநகர் சான் ஹொசேயிலிருந்து புறப்படும் பேருந்து, மேகம் படிந்த மலைக்காட்டுச் சாலையில் இறங்கி, நீலப் பிளாஸ்டிக் பை போர்த்திய வாழைத்தார்கள் கண்ணுக்கெட்டிய தூரம் தொங்கும் தோட்டங்களைக் கடந்து, லிமோன் துறைமுகத்தைத் தொட்டு, கடலோரமாகத் தெற்கே செல்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இருப்புப்பாதை போடுவதற்காக ஜமைக்காவிலிருந்து அழைத்து வரப்பட்ட கறுப்பினத் தொழிலாளர்களின் வழித்தோன்றல்கள் அந்தக் கரையில் வாழ்கிறார்கள். ஆகவே ஸ்பானியம் தெரியாத என்னைப் போன்றவன்கூட அவர்களுடைய ஆங்கிலத்தைப் பிடித்துக்கொண்டு கரையேறிவிடலாம்.

முதல் நாள் இரவு தட்டில் விழுந்தது தேங்காய்ப்பாலில் வெந்த சோறும் பயறும். காரமான மிளகாய் ஒன்றைக் கீறாமல், உடையாமல், முழுதாகப் பானையில் மிதக்கவிட்டு, மணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு எடுத்துவிடுகிறார்கள். மிளகாயிடம் இவ்வளவு மரியாதையாக நடந்துகொள்ளும் சமையலை நான் அதற்குமுன் கண்டதில்லை. மரியாதை என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. அந்த நாட்டில் சிறு குழந்தையைக்கூட 'உஸ்தெத்' என்று, அதாவது 'நீங்கள்' என்று, விளிப்பதைப் பரவலாகக் கேட்கலாம். பேரக்குழந்தையை 'வாங்க கண்ணு' என்று அழைக்கும் அம்மாயியிடம் வளர்ந்த கொங்குநாட்டுக்காரனுக்கு அது அந்நியமாகவே படவில்லை. கோகோவுக்கு நிழல் தரும் மரமும் நம் கல்யாண முருங்கையின் நெருங்கிய உறவு. வேலியில் நின்றது நம் ஊர் வேலிகளிலும் நிற்கும் கிளைரிசிடியா மரம். எல்லாம் தெரிந்த முகங்களாகவே இருந்தன. என்னைக் கெடுத்தது அந்தச் சாயல்தான் என்று இப்போது தோன்றுகிறது.

இரண்டாம் நாள் களை வெட்டச் சொன்னார்கள். நம் அரிவாளுக்கு வளைந்த மூக்கு உண்டு. இழுத்து அறுப்பதற்கு அது உதவும். அவர்களுடைய மச்சேத்தே நீண்டு நேராக இருக்கும். அதை வீசித்தான் வெட்ட வேண்டும். இடக்கையில் கொக்கி போன்ற ஒரு கவைக்கோலை வைத்துக்கொண்டு, புல்லை அதால் ஒதுக்கிப் பிடித்து, வலக்கையால் வீசுகிறார்கள். புல்லருகே கை போவதே இல்லை. நான் கோலைத் தள்ளிவிட்டு, ஊர் வழக்கப்படி குனிந்து புல்லைக் கையால் பற்றினேன். எதிரே நின்ற பெரியவர் ஒன்றும் பேசாமல் தம் இடக்கையை நீட்டிக் காட்டினார். சுட்டுவிரலின் நுனி இல்லை. நான் கோலை எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலையில் ஒரு மரத்தில் விசித்திரமான காய் ஒன்றைக் கண்டேன். எங்கள் ஊரில் மழைக்காலத்தில் காய் கறுத்து அழுகும். அது எனக்குத் தெரியும். இதுவோ பழுப்பாகி, அதன்மேல் அரிசி மாவைத் தூவியதுபோல் வெண்பொடி பூத்திருந்தது. பறித்தால், நல்ல காயைவிடக் கனம் அதிகம். எல்லோரிடமும் காட்டி விளக்கம் கேட்கலாம் என்று அதை இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு, காய்த்து நின்ற மரங்களுக்கு நடுவே, சமையற்கொட்டகை வரை நடந்தேன். பல் துலக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மையார் என்னைக் கண்டதும் தூரிகையைக் கீழே போட்டுவிட்டு, 'அசையாதீர்கள்' என்று கத்தினார். அப்போதும் 'நீங்கள்'தான்.

அது மொனீலியா என்னும் பூசண நோய். அந்த வெண்பொடி முழுவதும் நோயைப் பரப்பும் நுண்ணிய பூசண வித்துகள். ஒரே காயில் கோடிக்கணக்கில் இருக்கும். காயை இலேசாக அசைத்தாலும் புகைபோல் எழுந்து காற்றோடு போய்விடும். 1978இல் அது கோஸ்டா ரிகாவில் கண்டறியப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில், லிமோன் மாநிலத்தில் தலைமுறைகளாகக் கோகோவை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் தோப்புகளைக் கைவிட்டன. நிலத்தை விற்றவர்களும், மரத்தை வெட்டியவர்களும், வாழைக் கம்பெனிகளுக்குக் கூலி வேலைக்குப் போனவர்களும் உண்டு. துரியால்பாவிலுள்ள காட்டியே ஆய்வு மையம் பல ஆண்டுகள் உழைத்து, நோயைத் தாங்கும் ஆர்-4, ஆர்-6 போன்ற ரகங்களைத் தந்தபிறகுதான் மறுபடி நடும் துணிவு பலருக்கு வந்தது. ஆனால் பழைய மரங்கள் உள்ள தோப்பில், பொடி பூக்கும் முன்பே நோய்க்காயைக் கண்டுபிடித்து, வாரந்தோறும் அறுத்து, அறுத்த இடத்திலேயே தரையில் விட்டுவிட வேண்டும். பொடி பூத்துவிட்டால் பையால் மூடிவிட்டுத்தான் காம்பில் கத்தி வைக்க வேண்டும். எந்த நிலையிலும் அதைத் தூக்கிக்கொண்டு நடக்கக் கூடாது.

என்னை யாரும் திட்டவில்லை. அன்று மாலைக் கூட்டத்தில், நான் நடந்த பாதையை மண்ணில் கோடிழுத்துக் காட்டச் சொன்னார்கள். அந்தப் பாதையின் இருபுறமும் உள்ள மரங்களை வாரம் இருமுறை பார்க்கும் பொறுப்பை எனக்கே கொடுத்தார்கள். தொற்று வெளியே தெரிய ஒன்றிரண்டு மாதங்கள் ஆகும். பத்தாம் வாரத்தில், பாதையோர மரமொன்றில், பிஞ்சுகள் சில திமில்போல் ஒரு பக்கம் வீங்கியிருப்பதைக் கண்டேன். அது என் கையால் வந்ததா, பக்கத்துத் தோப்பிலிருந்து காற்றில் வந்ததா என்பதை யாராலும் சொல்ல முடியாது என்று பெரியவர் சொன்னார். ஆறுதலுக்காகச் சொன்னாரோ என்னவோ, நான் அறுத்தேன்.

மொனீலியா அமெரிக்க மண்டலத்தைத் தாண்டி இந்தியாவுக்கு வரவில்லை. ஆகவே கிளம்பும்போது காலணிகளையும் வேலைச் சட்டைகளையும் தொப்பியையும் அங்கேயே விட்டுவிட்டு, மீதித் துணிகளை வெந்நீரில் துவைத்து எடுத்துக்கொண்டேன். வீடு சேர்ந்தபோது எங்கள் தோப்பில் கோகோக் காய் பறிப்பு நடந்துகொண்டிருந்தது. மூன்று மாதம் கழித்து வந்த மகன் ஒரு மாதத்துக்குத் தோப்புக்குள் கால் வைக்க மாட்டேன் என்றதும், ஃபாரின் போய்வந்த திமிர் என்றுதான் அப்பா முதலில் நினைத்தார். விவரம் சொன்னபிறகு மறுபேச்சுப் பேசாமல், பறித்த காய்களை மூட்டையாகக் கட்டிக்கொண்டுவந்து வீட்டு வாசலில் கொட்டினார். நான் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக உடைத்துக் கொடுத்தேன்.

நன்றி, வணக்கம்.