கடலை மறக்காத மீன்

நேயர்களுக்கு வணக்கம்.

நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கம் போனவர்களில் சிலர் அங்கே உள்ள டிரவுட் மீன் பண்ணையைப் பார்த்திருப்பீர்கள். உடம்பெல்லாம் கரும்புள்ளி, விலாவில் இளஞ்சிவப்பாக ஒரு பட்டை. ரெயின்போ டிரவுட் என்று பெயர். வெள்ளைக்காரர்கள் தூண்டில் போடுவதற்காக நம் மலை ஓடைகளில் கொண்டுவந்து விட்ட மீன் அது. அதன் பூர்வீகம் வட பசிபிக் கரையோரம். அங்கே அதற்கு இன்னொரு வாழ்க்கையும் உண்டு. ஆற்றில் பொரிக்கிற குஞ்சுகளில் சில அங்கேயே தங்கிவிடும். சில கடலுக்குப் போய் நன்றாகத் தின்று, வெள்ளியாக மின்னிக்கொண்டு, பெரிய மீனாக முட்டையிடத் திரும்பிவரும். அப்படிப் போய்வந்ததை ஸ்டீல்ஹெட் என்கிறார்கள். பெயர்தான் இரண்டு, மீன் ஒன்றே. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் பேச வந்தது எல்வா என்ற ஆற்றைப் பற்றி. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஒலிம்பிக் மலைகளில் பிறந்து, 72 கிலோமீட்டர் ஓடிக் கடலில் சேர்ந்துவிடுகிறது. காவிரிக்கு முன்னால் அது ஓடைதான். ஆனால் பசிபிக் சால்மனில் ஐந்து வகையும், கூடவே ஸ்டீல்ஹெட்டும், அந்தச் சின்ன ஆற்றில் ஏறின. ஆண்டுக்குச் சுமார் 4 லட்சம் மீன்கள் வந்திருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள்.

1913-ல் அதன் குறுக்கே எல்வா அணை எழுந்தது. மின்சாரத்துக்காகக் கட்டியது. அணை கட்டினால் மீன் ஏற வழி விட வேண்டும் என்று அந்த மாநிலத்தில் அப்போதே சட்டம் இருந்தது. வழி விடவில்லை. அதற்குப் பதிலாக ஒரு குஞ்சு பொரிப்பகம் வைத்தார்கள், 1922-ல் அதையும் கைவிட்டார்கள். 1927-ல் மேலே 64 மீட்டர் உயரத்துக்கு க்ளைன்ஸ் கேன்யன் என்று இரண்டாவது அணை. மீனுக்கு மிஞ்சியது கடைசி 8 கிலோமீட்டர்.

அந்த 8 கிலோமீட்டராவது நன்றாக இருந்ததா என்றால், அதுவும் இல்லை. சால்மன் எப்படி முட்டையிடுகிறது என்று தெரிந்தால் இது புரியும். பெண் மீன் ஒருக்களித்துப் படுத்து, வாலால் ஆற்றுப் படுகையை அடித்து அடித்துக் குழி பறிக்கும். கூழாங்கல் தெறிக்கும், வால் தேய்ந்து வெளுத்துப்போகும். குழியில் முட்டையிட்டதும் சற்று மேலே போய் மறுபடியும் அடிக்கும். அங்கிருந்து உருளும் கல் வந்து முட்டையை மூடும். அந்தக் கல் இடுக்குகளில் குளிர்ந்த நீர் ஓடினால்தான் முட்டைக்கு மூச்சு. இந்தக் கூழாங்கல்லையெல்லாம் அணை தடுத்து வைத்துக்கொண்டது. கீழே இருந்த சிறு கல்லை வெள்ளம் அடித்துப் போக, மீனின் வாலுக்கு அசையாத பெருங்கற்கள்தான் நின்றன.

ஆற்றின் பூர்வகுடிகள் லோயர் எல்வா க்ளாலம் மக்கள். அணையை எடுங்கள் என்று விடாமல் கேட்டவர்கள் அவர்கள். 1992-ல் சட்டம் வந்தது. இடிப்பு தொடங்கியதோ 2011 செப்டம்பரில்தான். இரண்டு அணைகளுக்குப் பின்னாலும் சுமார் 2 கோடி கன மீட்டர் வண்டல் தேங்கிக் கிடந்தது. ஒரே மூச்சில் திறந்தால் கீழே உள்ள மீனெல்லாம் செத்துவிடும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினார்கள். மீன் ஏறும் மாதங்களில் வேலையை நிறுத்தினார்கள். 2014-ல் கடைசிக் கான்கிரீட்டும் போனது. அப்புறம் பார்த்தால், பள்ளத்தாக்கில் விழுந்து கிடந்த பாறைகள் வழியை மறித்தன. அவற்றையும் வெடி வைத்து உடைத்தார்கள்.

நீர்த்தேக்கம் வடிந்தபோது இன்னொன்றும் வெளியே வந்தது. தங்கள் இனம் தோன்றிய இடம் என்று க்ளாலம் முன்னோர்கள் சொல்லிவந்த பாறை, ஏறக்குறைய நூறு வருஷம் தண்ணீருக்கு அடியில் கிடந்தது. பேரப்பிள்ளைகள் அதன்மேல் போய் நின்றார்கள்.

சரி, மீன் எப்படித் திரும்பியது? சால்மன் தான் பிறந்த நீரின் வாசனையைப் பிடித்துக்கொண்டு வீடு சேரும் மீன். மேலே பிறந்தது ஒன்றுகூட உயிரோடு இல்லாதபோது யார் ஏறுவது? ஒவ்வொரு தலைமுறையிலும் சில மீன்கள் வழி மாறிப் போகும். அந்த வழி மாறியவைதான் புது இடத்தைப் பிடிக்கின்றன. 2012-லேயே, கீழ் அணை போன அதே ஆண்டில், சினூக் சால்மன் அணை இருந்த இடத்தைத் தாண்டி மேலே போய்விட்டது. கோஹோ சால்மனை மனிதர்களும் பிடித்துக் கொண்டுபோய் மேலே உள்ள கிளையாறுகளில் விட்டார்கள்.

இப்போது அந்த டிரவுட்டுக்கு வருகிறேன். அணைகளுக்கு மேலே ரெயின்போ டிரவுட் மாட்டிக்கொண்டிருந்தது. கடலைப் பார்க்காமலே தலைமுறை தலைமுறையாக மலை நீரில் வாழ்ந்தது. கோடையில் ஆறேறும் ஸ்டீல்ஹெட் அந்த ஆற்றில் அநேகமாக அற்றுப்போயிருந்தது. அணை போன சில ஆண்டுகளில் அது தானாகவே மறுபடியும் தென்பட்டது. யாரும் பொரித்து விடவில்லை. மரபணுவைச் சோதித்தால், கோடையிலேயே முன்கூட்டி ஆறேறும் அந்தக் குணம் மேலே மாட்டிக்கொண்ட டிரவுட்டிடம் பத்திரமாக இருந்திருக்கிறது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. குஞ்சை வாங்கி விட்டால் ஆறு பிழைத்துவிடும் என்று நாம் நம்புகிறோம். முதலில் வழியை விடுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். திரும்பிவரும் சினூக்கில் பெரும்பகுதி இன்னும் பொரிப்பகத்தில் பிறந்ததுதான். பழைய 4 லட்சம் எங்கோ தொலைவில் இருக்கிறது.

இடிப்பு தொடங்கிய 2011-லேயே ஆற்றில் மீன்பிடிக்கத் தடை போட்டார்கள். க்ளாலம் மக்களும் தங்கள் ஆற்றில் வலை போடாமல் காத்திருந்தார்கள். 2023 அக்டோபரில், சடங்குக்கும் வீட்டுச் சாப்பாட்டுக்கும் மட்டும், அளவோடு கோஹோ பிடிக்க அவர்களுக்கு வழி பிறந்தது. பன்னிரண்டு வருஷம் கழித்து, அணையில்லாத எல்வாவின் மீன் அவர்கள் வீட்டு அடுப்புக்கு வந்தது.

வணக்கம்.